கனடாவிலிருந்து வராத பணம்

என் மகனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப்போவதில்லை. முந்தாநாள்தான் போனில் பேசினோம், நன்றாகத்தான் இருக்கிறாய். பேசிய பத்து நிமிடத்தில் ஸ்ரீபெரும்புதூர் வெயிலைப் பற்றிச் சொன்னாய், கம்பெனியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்றாய், கீதாவுக்கு வாந்தி நின்றுவிட்டது என்றாய். வருகிற பத்தாம் தேதி உன் சித்தப்பாவுக்கு நான்கு லட்சம் அனுப்பப்போகிறாய் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, "நைனாவுக்குத் தெரிய வேணாம்மா" என்றும் சொல்லியிருக்கிறாய். அவள் என்னோடு முப்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியவள். எதையாவது மறைக்கிறாள் என்றால் அன்றைக்குத் தட்டில் இரண்டு கரண்டி சோறு கூடுதலாக விழும். விழுந்தது. கேட்டேன், சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே.

மனை வாங்கச் சேர்த்த மூன்று லட்சத்தோடு, கீதாவின் வளையல்களை அடகு வைத்து ஒரு லட்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். ஐந்து மாதக் கர்ப்பிணியின் கையிலிருந்து வளையலைக் கழற்றுகிறாய். அதற்குக்கூட நான் இவ்வளவு நிலைகுலைந்திருக்க மாட்டேன். உன் அம்மாவிடம் நீ சொன்னாயாமே, "சித்தப்பா நமக்கு இன்னா இன்னா செஞ்சிருக்காரு! என்னைப் படிக்க வெச்சதே அவருதான். அவரே வாய்விட்டுக் கேக்கும்போது இல்லன்னு சொன்னா நான் மனுஷனா?" இந்தச் சொல்தான் என்னைத் தூக்கிப் போட்டது. ஒரு வாரமாகக் கடையில் கை ஓடவில்லை. அதனால் முதலில் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். உன்னைப் படிக்க வைத்தது அவன் இல்லை, நான். உன் நாலு வருடப் படிப்பில் கனடாக் காசு ஒரு பைசா கிடையாது. இதை ஏன் உன்னிடம் மாற்றிச் சொன்னேன் என்பதற்குத்தான் மீதிக் கடிதம்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன் என்பது உனக்குத் தெரியும். மோட்டார் காயில் கட்டும் வேலையை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எரிந்துபோன மோட்டாரை எடைக்கு வாங்கி வந்து, கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, எத்தனை சுற்று என்று நோட்டில் எழுதி, அதே கணக்கில் புதுக் கம்பியைச் சுற்றிப் பார்த்து, நாலு மோட்டாரைப் புகைய விட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பொதட்டூர்பேட்டை விசைத்தறிக்காரர்கள் இன்றைக்கும் பஸ் ஏறி என்னிடம் வருகிறார்கள் என்றால் அந்த நோட்டினால்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. என் கையால் செய்தவற்றில் நான் கணக்குத் தப்பவிட்டதில்லை. வாயால் சொன்னதில்தான் தப்பவிட்டேன்.

உன் சித்தப்பா எனக்கு ஒன்பது வயது இளையவன். அவன் படித்தான். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் கனடாவுக்குப் போகவேண்டும் என்று வந்து நின்றபோது, பேங்கில் இவ்வளவு பணம் இருப்பதாகக் காட்டினால்தான் விசா என்றான். "காட்டிட்டுத் திருப்பிடறேண்ணா, சும்மா காட்டத்தான்." உன் அம்மாவின் தாலிச் சரடு தவிர எல்லாம் அடகுக்குப் போனது. காட்டினான், போனான். திருப்பியது பாதி. மீதிக்கு அங்கே காலேஜ் ஃபீஸ் கட்டிவிட்டேன் என்றான். நகைகளில் ஒரு செட்டு மூழ்கியே போய்விட்டது. அதற்காக நான் அவன்மேல் கோபப்படவில்லை. கூடப் பிறந்தவன், போகிற இடத்தில் குளிரில் நின்றுகொண்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

அவன் போன ஆறாவது மாதம் நம் வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வந்தது, நினைவிருக்கிறதா? நீ அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். தவணையில் வாங்கினேன். வண்டியிலிருந்து இறக்கும்போது வீட்டுச் சொந்தக்காரர் மாடியிலிருந்து குனிந்து, "இன்னாபா, தம்பி அனுப்ப ஆரம்பிச்சிட்டானா?" என்றார்.

"ஆங்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு 'ஆங்'. அதற்கு முந்தைய வாரம்தான் அவர், "நகையெல்லாம் அடகு வெச்சு அனுப்பிச்சியே, அவன் உன்னை ஞாபகம் வெச்சிருப்பானா?" என்று படிக்கட்டில் நாலு பேர் முன்னால் கேட்டிருந்தார். அந்த வாயை அடைக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அடைத்துவிட்டது. அன்றிலிருந்து எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையே வேறு. கடைக்கு வாடகை இரண்டு நாள் தாமதமானால், "கனடாவுல இருந்து வந்ததும் குடு" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

பிறகு கடைக்கு போர்டு மாற்றினேன், தம்பி அனுப்பினான் என்றேன். ஸ்கூட்டர் வாங்கினேன், தம்பி என்றேன். உண்மையில் அந்த வருடங்களில் பணம் இங்கிருந்து அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. விசா வக்கீலுக்கு என்று ஒரு முறை, கார் இல்லாமல் அங்கே வேலை கிடைக்காது என்று ஒரு முறை, வீடு வாங்க முன்பணம் குறைகிறது என்று ஒரு முறை. நகரி ரோட்டில் நமக்கு இருந்த துண்டு நிலம் அந்த முன்பணத்தில்தான் போனது. நீ அதை, கடைக்கு மெஷின் வாங்க விற்றதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான்தான் அப்படிச் சொன்னேன்.

அவன் கேட்கும் விதத்தை உனக்குச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இப்போது உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான். கேட்கும்போது டாலரில் சொல்லுவான். "வெறும் ஆறாயிரம்தாண்ணா." ஆறாயிரம் என்றால் நமக்குக் காதில் சின்னதாக விழும். கொடுக்கும்போது ரூபாயில் சொல்லுவான். உனக்கு ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்தானே, அதை எடுத்து நீட்டும்போது என்ன சொன்னான்? "பதினெட்டாயிரம் ரூபா, பத்திரமா வெச்சுக்கோ." அப்புறம் முருகன் மலை வேலை வேறு. திருத்தணியில் இருக்கிறவனுக்கு வெளிநாட்டில் சொந்தக்காரன் இருந்தால், அவன் வேண்டுதல் எல்லாம் இவன் தலையில். வேலை நிரந்தரமாக வேண்டும், ஒரு அபிஷேகம். பெண்டாட்டிக்கு விசா வரவேண்டும், ஒரு அபிஷேகம். "நீதானண்ணா கிட்ட இருக்கற, கட்டிடு, நான் அனுப்பறேன்." சாமி காரியத்துக்குக் கணக்குக் கேட்டால் பாவம் என்று நான் கேட்கமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு ஆடிக் கிருத்திகைக்குத் தன் பெயரில் நூறு பேருக்குச் சாப்பாடு போடச் சொன்னான். போட்டேன். அனுப்பவில்லை.

அடுத்த வருடம் அவன் கேட்கவே இல்லை. ஆனாலும் நான் போட்டேன். இதுதான் எனக்கே புரியாத இடம். அவன் பனியில் கோட்டுப் போட்டு நின்ற படத்தை எடுத்து, எட்டடிக்கு ஆறடி பேனர் அடித்து, 'தனசேகர், கனடா' என்று பெரிய எழுத்தில் போட்டு, அடிவாரத்தில் கட்டினேன். காவடி எடுத்து வந்தவர்கள் வியர்வை வழிய அந்தப் பனிக்கு அடியில் உட்கார்ந்து சாம்பார் சாதம் தின்றார்கள். மூன்று வருடம் அப்படி நடந்தது. நீயும் பரிமாறினாய். அந்தப் படத்தை அவனுக்கு அனுப்பினால், "சூப்பர்ண்ணா" என்று பதில் வரும். எவ்வளவு ஆனது என்று கேட்டு வராது.

இப்போது உன் படிப்பு. பன்னிரண்டாவது முடித்ததும் கடைக்கு வந்து நின்றாய். "நைனா, எனக்காகக் கடன் வாங்காத. நான் காலேஜுக்குப் போவலை. கடையைப் பாத்துக்கறேன்" என்றாய். பதினேழு வயதில் கிழவன் மாதிரி பேசினாய். நீ ஒருமுறை முடிவு செய்துவிட்டால் மாறமாட்டாய், அது என்னிடமிருந்து வந்தது. நான் கடன் வாங்குகிறேன் என்று தெரிந்தால் நீ போகமாட்டாய். அதனால், "கடன் யாருடா வாங்கறது? உங்க சித்தப்பா கட்டறான்" என்றேன். உடனே உன் முகம் மாறியது. அந்த ஒரு முறை நான் சொன்ன பொய்க்கு மட்டும் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. திரும்ப அந்த நாள் வந்தால் திரும்பவும் சொல்லுவேன்.

பணம், அரக்கோணத்தில் செப்புக் கம்பி வியாபாரம் செய்கிறாரே, அவரிடம் வாங்கினேன். நாலு வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயிலேறிப் போனேனே, கம்பி வாங்க என்று நீ நினைத்தாய். வாரத் தவணை கட்டப் போனேன். நம்பாவிட்டால் அவர் இன்னும் அதே கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார், போய்க் கேள். என் பெயரைச் சொன்னால் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை என்று சொல்லுவார்.

முதல் வருட ஃபீஸ் கட்டியதும் நீ சித்தப்பாவுக்கு ஒரு பெரிய செய்தி எழுதி அனுப்பினாய். எனக்கும் காட்டினாய். 'உங்கள் உதவியை வாழ்நாளெல்லாம் மறக்கமாட்டேன்' என்று இருந்தது.  சரி, அவன் அங்கிருந்து போன் செய்து, 'என்னடா இது, நான் எங்கே கட்டினேன்' என்று கேட்பான், நான் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். அவனிடமிருந்து கைகூப்பும் பொம்மை ஒன்றும், 'நல்லா படி' என்று இரண்டு வார்த்தையும் வந்தன. அவன் வாங்கி வைத்துக்கொண்டான். கொடுக்காத பணத்துக்கு நன்றியைக் கூசாமல் வாங்கி வைத்துக்கொண்டான். அன்றைக்கு நான் அவனைக் கேட்டிருக்கவேண்டும். கேட்டால் என் பொய்யும் சேர்ந்து வெளியே வரும் என்று விட்டுவிட்டேன்.

இனி உன் பள்ளிப்பட்டு அத்தை. நீ இரண்டாம் வருடம் படிக்கும்போது அவள் வீட்டுக்காரருக்கு, என் பாவாவுக்கு, நெஞ்சில் அடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் வைக்க வேண்டும். அக்கா நேராக என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். காயில் கட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"சின்னவன் உனக்கு அனுப்பறான் இல்ல, அதுல எனக்கு ஒரு ரெண்டு லட்சம் குடு. தறி ஓட்டித் தீத்துடறேன்" என்றாள்.

நான் அப்போது வாரா வாரம் அரக்கோணம் போய்க்கொண்டிருந்தவன். கையில் ஐயாயிரம் இல்லை. அதைச் சொன்னால் பத்து வருடமாகச் சொன்னதெல்லாம் சொல்லவேண்டும். "இப்பல்லாம் அவன் அனுப்பறதில்லக்கா" என்றேன்.

அக்கா சிரித்தாள். "போன மாசம் நூறு பேருக்கு சோறு போட்ட. பேனரு வெச்ச. நான்தான் பஸ்ஸுல வரும்போது பாத்தனே. சாமிக்கு வர்ற காசு, பாவாவுக்கு மட்டும் வர்றதில்லையா?"

"அக்கா, அது வேற..."

"வேறதான். நான் வேற, நீ வேற. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

எழுந்து போய்விட்டாள். பாவாவைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் வீட்டில் ஓடிய நாலு தறியில் இரண்டை விற்றுத்தான் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு அவள் நம் வாசல் மிதிக்கவில்லை. உன் கல்யாணத்துக்கு அத்தை ஏன் வரவில்லை என்று மணமேடையிலிருந்து நீ என்னைக் கேட்டாய். முழங்கால் வலி என்றேன். பாவா மட்டும் வந்து, மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்காராமல் போனார். என்னைப் பார்த்து, "வரேன் மச்சான்" என்று ஒரு வார்த்தை. அவர் நல்ல மனுஷன், அதனால் அந்த ஒரு வார்த்தையாவது கிடைத்தது.

நீ பணம் அனுப்பப்போகிறாய் என்று தெரிந்ததும் வியாழக்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறினேன். எட்டு வருடம் கழித்து அந்த வீட்டுக்குப் போகிறேன். தறிச் சத்தம் பாதியாகிவிட்டிருந்தது, அது உள்ளே நுழையும்போதே கேட்டது. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிரிட்ஜில் தொடங்கி, நிலம், ஃபீஸ், பேனர் வரைக்கும். சொன்னால் அவள் அழுவாள், நான் அழுவேன், எல்லாம் சரியாகிவிடும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவள் கேட்டு முடித்துவிட்டு, "அன்னைக்கு 'எங்கிட்ட ஒண்ணும் இல்லக்கா, நானே கடங்காரன்'னு சொல்லியிருந்தா நான் உன் பக்கத்துல உக்காந்து அழுதிருப்பேன். நாமெல்லாம் சேந்து வேற இன்னா பண்றதுன்னு பாத்திருப்போம். நீ கஷ்டப்படறது எனக்குத் தெரியக்கூடாது, ஆனா நீ கல்நெஞ்சன்னு தெரிஞ்சா பரவாயில்ல. நல்லா இருக்குதுடா உன் கௌரவம்" என்றாள்.

எனக்கும் கோபம் வந்தது. "யாருக்காகக்கா பொய் சொன்னேன்? தம்பி பேரு கெடக்கூடாதுன்னுதான் சொன்னேன்" என்றேன்.

"தம்பி பேருக்காக ஒண்ணும் நீ பொய் சொல்லல. தம்பியை அனுப்பி ஏமாந்தவன்னு உன்னைச் சொல்லிடுவாங்கன்னு பயந்து சொன்ன" என்றாள். பாவா உள்ளேயிருந்து, "விடுடி, வந்த மனுஷனுக்கு சோத்தைப் போடு" என்று குரல் கொடுத்தார். போட்டாள். தின்றேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தவள், "என்கிட்ட வந்து சொன்ன, சரி. உன் புள்ளை கிட்ட சொன்னியா?" என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன். "அப்பறம் இன்னாத்துக்கு இங்க வந்த?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுக்கு வெளியே நின்றபோதுதான் இந்தக் கடிதம் எழுதுவது என்று முடிவானது.

ஆனால் அதற்கு முன்னால் உன் சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, அவனுக்கு அங்கே சனிக்கிழமை. "என் புள்ளைகிட்ட கேட்டியாமே" என்றேன். முதலில் மழுப்பினான். வட்டி ஏறிவிட்டது, வீட்டுத் தவணை இரண்டு மடங்காகிவிட்டது, வேலையில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள், தானும் அதில் ஒருவன் என்றான். அதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். குரல் அப்படித்தான் இருந்தது. "கஷ்டம்னா எங்கிட்ட கேளு. என்கிட்ட இல்லன்னு தெரிஞ்சுதானே அவன்கிட்ட போன? அவன் ஏன் குடுக்கறான் தெரியுமா? நீ படிக்க வெச்சேன்னு நெனச்சுக் குடுக்கறான்" என்றேன்.

 அப்புறம் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவன் பக்கத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். "அண்ணா, அந்தப் பேரை நான் கேட்டேனா? நீதான் ஊரெல்லாம் சொன்ன. நான் லீவுல வந்தா பஸ் ஸ்டாண்டுல இருந்து வீடு வர்றதுக்குள்ள பத்து பேரு கை நீட்டறான். உங்க அண்ணனுக்கு அவ்ளோ அனுப்பற, எங்களுக்கு இன்னா கொண்டாந்தன்னு கேக்கறான். நீ சொன்ன பொய்யைக் காப்பாத்தவே நான் கார்டுல கடன் வாங்கி பொட்டி பொட்டியா சாமான் தூக்கியாந்தேன். அந்த பேனரைப் பாத்துட்டு என் மாமனார் வீட்ல எங்கிட்ட கடன் கேட்டாங்க தெரியுமா? பையன் தேங்க்ஸ் சொன்னான். நான் இன்னா பண்றது? உங்க நைனா பொய் சொல்றாருன்னு புள்ளைகிட்ட சொல்றதா?"

"ஆங், சொல்லியிருக்கணும்" என்றேன்.

"நீ சொன்னியா?"

நான் சொல்லவில்லைதான். அதனால் அவன் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. நகரி ரோட்டு நிலம் பொய் இல்லை. உன் அம்மாவின் நகை பொய் இல்லை. பதினெட்டாயிரம் ரூபாய்க் கடிகாரம் கொண்டுவந்தவனுக்கு, அண்ணி கழுத்து ஏன் வெறுமையாக இருக்கிறது என்று ஒருமுறை கேட்கத் தெரியவில்லை. "என் புள்ளை அனுப்பமாட்டான். அவன் சார்பா நான் சொல்றேன்" என்றேன். "அதை அவன் சொல்லட்டும்ணா" என்று வைத்துவிட்டான். ஆகவே பத்தாம் தேதிக்குள் உன்னைக் கூப்பிடுவான்.

உன்னைக் கேட்காமல் உன் சார்பில் பேசியதற்கு நீ கோபப்படுவாய். படு. எனக்கு அதில் வருத்தமில்லை. அனுப்பக்கூடாது என்பதுதான் என் முடிவு, இந்தக் கடிதத்தின் கடைசி வரி வரை அது மாறாது. உன் அம்மா, "அவனும் கஷ்டத்துலதானே இருக்கான், புள்ளை மனசு தாங்கல" என்கிறாள். கஷ்டத்தில் இருக்கிறவன் அங்கே வீட்டை விற்கலாம். சின்ன வீட்டுக்குப் போகலாம். அதைத்தான் நம் ஊரில் எல்லாரும் செய்கிறார்கள், உன் அத்தை செய்தாள். கனடாவில் இருப்பதால் அவனுக்கு மட்டும் அது மானக்கேடு ஆகிவிடுமா? இங்கே ஒரு பெண்ணின் வளையல் போனால் அது மானக்கேடு இல்லையா?

ஆனால் நீ என் பிள்ளை, நான் சொன்னதைக் கேட்டு அப்படியே நடந்துவிடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன் பணம், உன் முடிவு என்று சொல்லுவாய். அப்படி அனுப்புவதாக இருந்தால் ஒரு நிபந்தனை. 'நீங்கள் எனக்குச் செய்ததற்கு' என்று ஒரு சொல் வரக்கூடாது. அவன் உனக்குச் செய்ததில்லை. கஷ்டத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கு நீ கொடுக்கிறாய், அவ்வளவுதான். அதைக் கீதாவிடம் சொல், வளையலைக் கழற்றும் முன்னால் சொல். அவள் அப்பா அம்மாவிடம் சொல். உன் அத்தையிடம் போய்ச் சொல். "கனடாவுல இருக்கற என் சித்தப்பாவுக்கு நான் இங்க இருந்து பணம் அனுப்பறேன்" என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டு அனுப்பு. அப்படிச் சொல்ல வாய் வரவில்லை என்றால், கூச்சமாக இருந்தால், அனுப்பாதே. வெளியே சொல்ல முடியாமல் கொடுத்த பணம் எனக்கு என்ன செய்தது என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டேன். நிலம் போனது பெரிதில்லை. எட்டு வருடம் அக்கா போனாள். நீ உன் சொந்த அப்பனுடைய உழைப்புக்கு வேறொருவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வளர்ந்தாய். உன் நன்றி எனக்கு வேண்டாம், நான் அதற்காகக் கட்டவில்லை. ஆனால் அது அவனிடம் இருப்பதை என்னால் இனிமேலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நாலு பேர் காதில் விழச் சொல்வதை நானே செய்து பார்க்காமல் உனக்கு மட்டும் புத்தி சொல்கிறேன் என்று நினைக்காதே. நேற்று ஒரு தறிக்காரர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூலியைச் சொன்னதும், "உனக்கு இன்னா குறைச்சல், கனடாவுல இருந்து கொட்டுது, எங்ககிட்ட வந்து பேரம் பேசற" என்றார். கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தேன். "கனடாவுல இருந்து எனக்கு ஒரு ரூபா வந்ததில்லை. நான்தான் அவனுக்கு அனுப்பினேன். பத்தொன்பது வருஷமாப் பொய் சொல்லிக்கினு இருந்தேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு தறிக்காரர் பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்து, "பாத்தியா, எவனாவது கடன் கேட்டுடுவான்னு இன்னா நடிப்பு நடிக்கறாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கூலியில் நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊர் நம்பவில்லை. இனிமேல் நம்பவும் நம்பாது. நீயாவது நம்பு.

உன் நைனா